மாதப் பலசரக்கு: அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா, ஆப்பா?

மாதச் சாமான் வாங்க இன்றைக்கு நமக்கு நாலு வழி இருக்கிறது. தெருமுனை அண்ணாச்சி கடையில் சிட்டை (சாமான் எழுதிய பட்டியல்) கொடுத்து வாங்கலாம். கூடை வண்டியைத் தள்ளிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றி வரலாம். உட்கார்ந்த இடத்தில் ஆப்பில் ஆர்டர் போடலாம். இல்லையென்றால் ரேஷன், உழவர் சந்தை, மொத்தக் கடை என்று பிரித்துப் பிரித்து வாங்கலாம். எது மலிவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாருடைய பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், ஏனென்றால் எல்லாரும் துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்பதை வைத்தே பேசுகிறார்கள்.

நான் பார்ப்பது மாதக் கடைசியில் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை. பருப்பில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, சிட்டையில் இல்லாத சாமானுக்கு நானூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தால், அந்தக் கடை நமக்கு மலிவான கடை இல்லை. பட்ஜெட் உடைவது பெரும்பாலும் கிலோ விலையில் இல்லை. எத்தனை தடவை கடைக்குள் நுழைகிறோம், நுழைந்தால் கண்ணில் எது படுகிறது என்பதில்தான் உடைகிறது. ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடு எடைபோட்டால் பதில் மாறிவிடுகிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரக் குடும்பங்களின் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடும், கிராமக் குடும்பங்களின் செலவில் 47 விழுக்காடும் உணவுக்கே போவதாக வந்தது. அந்த உணவுச் செலவுக்குள் பெரிய பங்கை எடுத்துக்கொண்டது அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. பானங்கள், நொறுக்குத்தீனி, பதப்படுத்திய உணவு என்ற வகைதான். அதாவது யாரும் மாதச் சிட்டையில் ஒழுங்காக எழுதி வைக்காத வகை.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒப்பிட ஒரு வீடு வேண்டும். மதுரை மாதிரி ஊர், பெரியவர் இரண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிப்பது இப்படி: பலசரக்குக்கு 4,500, காய்கறி பழத்துக்கு 2,000, பாலுக்கு 1,400, முட்டை மீன் கறிக்கு 1,600, மீதி 500 கையிருப்பு. உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் கூடலாம், குறையலாம். சைவ வீடு என்றால் மீன் பணம் பருப்புக்கும் காய்க்கும் போகும்.

கையிருப்பு 500 எதற்கு என்று கேட்கலாம். காய்கறிக்கு வாரம் 500 என்று வைத்து மாதத்துக்கு 2,000 போடுகிறோம். ஆனால் வருஷத்துக்கு 52 வாரம், 48 இல்லை. அந்த நாலு வாரமும் ஏதாவது ஒரு மாதத்தின் கடைசியில் வந்து நிற்கும். "இந்த மாசம் ஏன் பத்தல?" என்று பல வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்குப் பாதி பதில் இந்த ஓட்டைதான். வருஷத்தில் 2,000 ரூபாய் வரும் ஓட்டை. விருந்தாளி வருவது, தக்காளி ஏறுவது எல்லாம் அதற்கு மேல்.

அண்ணாச்சி கடை

இதில் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்பு, மசாலாச் சாமான், எண்ணெய் போன்ற காய்ந்த சரக்குக்கு, சிட்டை எழுதிக் கொடுத்து ரொக்கத்துக்கு வாங்கும் அண்ணாச்சி கடைதான் பட்ஜெட்டுக்கு மிக நல்ல இடம். கிலோ விலையில் அது எப்போதும் மலிவு என்று சொல்லமாட்டேன். சில சாமானில் சூப்பர் மார்க்கெட் அதை அடித்துவிடும். ஆனால் அந்தக் கடையில் சாமானுக்கும் நமக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்கிறது. சரக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். எழுதிக் கொடுத்தது மட்டும்தான் இந்தப் பக்கம் வரும்.

சிட்டை எழுதுவதே ஒரு கட்டுப்பாடு. து.பருப்பு 2, உளுந்து 2, க.பருப்பு ½, பா.பருப்பு ½, சீனி 2, புளி ½, வத்தல் ½, மல்லி ½, சீரகம் 100, கடுகு 100, ந.எண்ணெய் 1, க.எண்ணெய் 2. இப்படி எழுத உட்காரும்போது டப்பாவைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். போன மாதக் கடலைப்பருப்பு கால் கிலோ மிச்சம் இருந்தால் அரைக் கிலோ கால் கிலோவாகும். பழைய சிட்டைகளை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தால் மூன்று மாதத்தில் உங்கள் வீட்டுக்கு எது எவ்வளவு செலவாகும் என்பது தானாகத் தெரிந்துவிடும். எந்த ஆப்பும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது, ஏனென்றால் இது உங்கள் சமையலின் கணக்கு.

அப்புறம், கடைக்காரருக்குத் தெரிந்தது நமக்கும் வந்து சேர்கிறது. "அக்கா, புது உளுந்து வந்திருக்கு, விலை கொஞ்சம் இறங்கும். இப்ப ஒரு கிலோ போடுறேன், மீதியைப் பத்து நாள் கழிச்சு வாங்கிக்குங்க" என்று சொல்லும் அண்ணாச்சி உங்கள் காசைக் காப்பாற்றுகிறார். பருப்பில் வண்டு இருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றலாம், பில்லைத் தேட வேண்டியதில்லை. ஐம்பது கிராம் மிளகு, பத்து ரூபாய்க்குப் பெருங்காயம் என்று தேவைக்கு வாங்கலாம். கால் கிலோ பாக்கெட்டாக வாங்கி, மணம் போனபின் கொட்ட வேண்டியதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. சோப்பு, பற்பசை, டீத்தூள், பிஸ்கட் எல்லாம் அங்கே எம்.ஆர்.பி. விலைக்குத்தான் கிடைக்கும். சரக்கு சீக்கிரம் ஓடாத கடை என்றால் எண்ணெய், மசாலாப் பொடியின் தேதியைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். உதிரிப் பருப்பில் தரம் கடைக்குக் கடை மாறும். இரண்டு கடையில் அரைக் கிலோ வாங்கி வேகவைத்துப் பாருங்கள். எது சீக்கிரம் வேகிறது, எது குழையாமல் கல்லு மாதிரி நிற்கிறது என்பது ஒரே சாம்பாரில் தெரியும். வேகாத பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக இருந்தாலும், அந்தப் பணம் கேஸில் போய்விடும்.

பெரிய குறை கடன் நோட்டு. ரொக்கத்துக்கு வாங்குவதும் நோட்டில் எழுதி வாங்குவதும் ஒரே கடைதான் என்றாலும், பட்ஜெட்டைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு வழி. நோட்டில் எழுதும்போது விலை கேட்கக் கை கூசும். பிள்ளைகள் போய் "எங்க வீட்டு நோட்டுல எழுதிக்குங்க" என்று சொல்லி மிக்சர் பாக்கெட் வாங்கி வருவார்கள். மாதம் முடிந்து மொத்தத்தைப் பார்க்கும்போது எது எப்போது வாங்கியது என்று இரண்டு பக்கமும் ஞாபகம் இருக்காது. கடன் நிற்கும்வரை விலை அதிகம் என்று தெரிந்தும் கடை மாற முடியாது.

ஆனாலும் கடன் நோட்டைக் குறை சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வராது. 2020 ஊரடங்கில் வேலை நின்ற எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த நோட்டால்தான். சம்பளம் தேதிக்கு வராத வீட்டுக்கு வேறு யாரும் வட்டியில்லாமல் அரிசி கொடுப்பதில்லை. நோட்டு வேண்டும் என்றால், வீட்டில் ஒரு நகல் நோட்டு வையுங்கள். வாங்கிய அன்றே விலையோடு எழுதுங்கள். யார் வந்தால் கொடுக்கலாம், எவ்வளவுவரை கொடுக்கலாம் என்று அண்ணாச்சியிடமே சொல்லி வையுங்கள். அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வசூலாகாத கடனைவிடக் கட்டுக்குள் இருக்கும் கடன் அவர்களுக்கும் நல்லது.

சூப்பர் மார்க்கெட்

எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பதுதான் சூப்பர் மார்க்கெட்டின் உண்மையான பலன். சோப்பு, துணி சோப்புத்தூள், பற்பசை, பாத்திரம் துலக்கும் சோப்பு, டீத்தூள் இவற்றுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும், அந்தப் பலன் முழுதாகக் கிடைத்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டில் இருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விலையோடு ஒப்பிட்டால் வரி குறைந்ததும் தள்ளுபடி மாதிரித் தெரியும். எனவே தள்ளுபடி எவ்வளவு என்று போர்டில் போட்டிருப்பதைவிட, கையில் கொடுக்கும் விலை எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

மாதச் சாமான் முழுவதையும் அங்கே வாங்குவதுதான் சிக்கல். அந்தக் கடையின் அமைப்பே நம்மை நடக்க வைக்கத்தான். அரிசி, பருப்பு, எண்ணெய் உள்ளே இருக்கும். அதற்குப் போகும் வழியில் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் இருக்கும். பிள்ளைகளின் கண் உயரத்தில் பிள்ளைகளுக்கான சாமான். பில் போட நிற்கும் இடத்தில் மிட்டாய். பருப்பிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்த நூறு ரூபாயை இந்த நடையே வாங்கிவிடும். போவது என்றால் சாப்பிட்டுவிட்டு, சிட்டையோடு, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். தள்ளுவண்டியை எடுக்காமல் கைக்கூடையை எடுங்கள். கை வலிக்கும்போது தேவை எது, ஆசை எது என்று தெளிவாகத் தெரியும்.

எண்ணெய் அலமாரியில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். பக்கத்தில் அதே அளவு பாக்கெட், அதே நிறம், பத்துப் பதினைந்து ரூபாய் குறைவாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் 850 கிராம் என்றோ, அதற்கும் கீழோ போட்டிருக்கும். முன்பு சில பொருள்களை இன்ன அளவில்தான் பாக்கெட் போடவேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிடச் சொல்லி எடையளவுச் சட்ட விதியில் திருத்தம் வந்தது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கடையில் படிக்கவேண்டிய ஒரே எண் அதுதான். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் அங்கேதான் உடையும். ஷாம்பூவில் பல நேரம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டே பாட்டிலைவிட மலிவாக இருக்கும். கூட்டிப் பாருங்கள்.

ஆப்

பத்து நிமிஷத்தில் வரும் ஆப்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. உடம்பு முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அவர்கள் கொடுக்கும் கூடுதல் காசு அந்த உதவிக்கான கூலி, அதில் தப்பில்லை.

மற்ற வீடுகளில் அது பட்ஜெட்டுக்கு ஆகாது. டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம், மழை பெய்தால் இன்னொன்று. கட்டணம் இல்லாமல் இருக்க இன்ன தொகைக்கு மேல் வாங்கவேண்டும் என்று வரும்போது, 30 ரூபாய் மிச்சம் பிடிக்க 120 ரூபாய்க்குத் தேவையில்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். அதைவிட முக்கியம், கடை மூடும் நேரம் என்ற ஒன்று அங்கே இல்லை. ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டில் தயிர் இல்லை என்றால் முன்பு ரசத்தோடு முடித்துக்கொண்டோம். இப்போது தயிரோடு ஐஸ்கிரீமும் வருகிறது. மாதத்துக்கு ஒரே கடை நடை என்ற ஒழுங்கு இதில்தான் முற்றிலும் கரைகிறது.

ஆப்பை விலை பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். கிளம்பும்முன் டீத்தூள், நெய் என்ன விலை என்று பார்த்துக்கொண்டால் கடையில் ஏமாற மாட்டோம்.

பிரித்து வாங்குவது: ரேஷன், சந்தை, மொத்தக் கடை

ரேஷன் கடையைப் பட்ஜெட் கணக்கில் சேர்க்காமல் விடும் நடுத்தர வீடுகள் நிறைய. கார்டு இருக்கும், சாமான் வாங்கமாட்டார்கள். கூட்டிப் பார்ப்போம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு 120, பாமாயில் 125, சர்க்கரை 45 என்று வைத்தால், பருப்பில் 90, எண்ணெயில் 100, நாலு பேர் கார்டுக்கு இரண்டு கிலோ சர்க்கரையில் 40, ஆக மாதம் 230 ரூபாய் மிச்சம். அரிசி கார்டு என்றால் அரிசி 2011 ஜூனில் இருந்து இலவசம். சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இட்லிக்குப் போடுங்கள். ரேஷன் புழுங்கலரிசியையும் இட்லி அரிசியையும் பாதிக்குப் பாதி கலந்து, நன்றாகக் களைந்து ஊறவைத்து அரைத்தால் இட்லி பஞ்சு மாதிரி வரும். மாதம் எட்டுக் கிலோ அரிசி மாவுக்குப் போகிற வீட்டில் நாலு கிலோ இட்லி அரிசி மிச்சம், கிலோ 45 என்றால் 180 ரூபாய். எல்லாம் சேர்த்து 410. வருஷத்துக்கு ஐயாயிரத்துக்குப் பக்கம்.

பருப்பும் எண்ணெயும் எப்போது வருகிறது என்று விசாரித்து, வந்ததும் போய் வாங்கவேண்டும். அந்த அலைச்சல் உண்மைதான். வரிசையில் நிற்க நேரம் இல்லாத வேலை என்றால் அந்த 410 ரூபாய்க்கு அரை நாள் கூலியை இழப்பது அறிவில்லை. வீட்டில் போகக்கூடியவர் ஒருவர் இருந்தால் விடக்கூடாது.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தை தொடங்கியது. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கீழே தினமும் விலை வைத்துப் போர்டில் எழுதிவிடுவார்கள். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு இந்தப் போர்டு பெரிய துணை. விடிகாலையில் போனால் நல்ல காய், எட்டு மணிக்கு மேல் போனால் மிச்சக் காய். வாரம் ஒரு தடவை போய், முதல் இரண்டு நாளைக்குக் கீரை, வெண்டை, கத்தரி, நடுவில் பீன்ஸ், முட்டைக்கோஸ், கடைசிக்குப் பூசணி, சேனை, உருளை என்று வாடும் வரிசையில் சமைத்தால் குப்பைக்குப் போவது நின்றுவிடும். என் கணக்கில் காய்கறியில் பெரிய மிச்சம் இதுதான். பத்து ரூபாய் குறைத்து வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாகி வெளியே போனால் முழு விலையும் நட்டம்.

விலை ஏறும்போது காயை மாற்றுங்கள், பணத்தைக் கூட்டாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது சமாளித்த வீடுகள் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், தேங்காய் அரைத்த கூட்டு என்று மாற்றிக்கொண்ட வீடுகள்தான். தக்காளி இல்லாமல் சமைக்க நம் சமையலுக்கு நன்றாகவே தெரியும்.

பழக்கத்தில் வாசலுக்கு வரும் காய்காரம்மாவை விட்டுவிடச் சொல்லமாட்டேன். இரண்டு ரூபாய் அதிகம் இருந்தாலும் கறிவேப்பிலை, மல்லித்தழை கொசுறாகப் போடுவார், நடுவாரத்தில் கடைக்கு ஓடுவதை மிச்சப்படுத்துவார்.

மொத்தக் கடைக்கு வருவோம். மதுரையில் கீழமாசி வீதி, ஒவ்வொரு ஊரிலும் அது மாதிரி ஒரு தெரு இருக்கும். மாதாமாதம் போவதற்கு அது தேவையில்லை. பஸ், ஆட்டோ செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி பங்குனியில் போவதற்குத்தான் அந்தத் தெரு. புதுப் புளி, புது வத்தல், மல்லி எல்லாம் இறங்கும் பருவம். துவரை தை, மாசியிலேயே வரத் தொடங்கிவிடும். ராமநாதபுரம் முண்டு வத்தலை அப்போது மூன்று கிலோ வாங்கி, சித்திரை வெயிலில் காயவைத்து, மல்லியோடு திரித்து வைத்துவிட்டால் வருஷம் முழுக்கப் பாக்கெட் மசாலாப் பக்கமே போகவேண்டாம். புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு கலந்து ஜாடியில் அமுக்கி வைத்தால் கெடாது. உளுந்து, துவரையை வெயிலில் போட்டு, ஆறியபின் வசம்பு ஒரு துண்டோடு டப்பாவில் அடைத்தால் வண்டு வராது. நம் கிராமங்களில் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்ததும் இதற்காகத்தான். இடமும் வெயிலும் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு இது ஒத்துவராது. இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அரிசியை மட்டும் சிப்பமாக (மூட்டையாக) வாங்குவது எல்லா வீட்டுக்கும் லாபம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை என்றால் கிடையாது. ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தது இதனால்தான். கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோவுக்கு 75 ரூபாய் வரி வித்தியாசம். ஐந்து கிலோப் பையாக மாதம் முழுக்க வாங்குகிறவர்கள் இந்த வரியையும், பையின் விலையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, பழைய அரிசி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் அதிகம் இருந்தாலும் வாங்குங்கள். தண்ணீர் நிறையப் பிடிக்கும், சோறு காணும். புது அரிசி ஒரு படி போட்ட இடத்தில் பழைய அரிசி முக்கால் படி போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உலையில் வைத்துப் பார்த்தால் புரியும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

மேலே சொன்ன வீட்டுக்கு என்றால், பலசரக்கு மாதம் ஒரு தடவை அண்ணாச்சி கடையில், சிட்டை கொடுத்து, ரொக்கத்துக்கு. ரேஷன் பருப்பும் எண்ணெயும் வாங்கியபின் மீதித் தேவைக்கு மட்டும் அந்தச் சிட்டை. காய்கறி வாரம் ஒரு தடவை சந்தையில். சோப்பு வகை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில். ஆவின் பால் வாங்கும் வீடு என்றால் மாத அட்டை, விலை குறைவு. ஆப் வேண்டாம்.

நடுமாதத்தில் கடைக்கு ஓட வைப்பது எது என்று பார்த்து அதை அடைத்துவிட்டால் இந்தத் திட்டம் நிற்கும். பல வீடுகளில் அது இட்லி மாவுப் பாக்கெட். ஒரு கிலோ இட்லி அரிசி 45, கால் கிலோ உளுந்து 35, ஆக 80 ரூபாய்க்கு வீட்டில் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். கரண்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் கிலோ 30. கடையில் 50. வாரம் மூன்று கிலோ மாவு என்றால் மாதம் 240 ரூபாய் வித்தியாசம், அதோடு மாவு வாங்கப் போகும் ஒவ்வொரு தடவையும் கூடவே வரும் சாமானும் நின்றுவிடும். கிரைண்டர் கழுவ ஆள் இல்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம் என்றால் மாவு வாங்குங்கள், ஆனால் அதைச் சிட்டையில் எழுதி வாங்குங்கள். இன்னொரு காரணம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் பசி. சுண்டல், பொரிகடலை உருண்டை, வேர்க்கடலை இவற்றுக்கு மாதச் சாமானிலேயே இடம் வைத்தால் தினமும் பத்து, இருபது ரூபாய் பாக்கெட் வாங்குவது குறையும். சிட்டையில் மிக்சரையும் எழுதுங்கள். ஒரு பாக்கெட் என்று எழுதி வாங்கினால் ஒன்றோடு நிற்கும். எழுதாமல் விட்டால்தான் நாலு வரும்.

பணத்தை எப்படிக் கையாள்வது? ரொக்கமாகக் கவரில் போட்டு வைப்பதும், ஜிபேயில் கொடுப்பதும் என இரண்டு கட்சி. காய்கறி, மீனுக்கு ரொக்கம் என்றே சொல்வேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றோடு சந்தைக்குப் போனால் செலவும் ஐந்நூறோடு நிற்கும். போனில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பெயரில் சும்மா கிடக்கும் ஒரு வங்கிக் கணக்கை அதற்கென்று ஒதுக்கி, மாதம் பிறந்ததும் பத்தாயிரத்தை அதில் மாற்றி, அதில் இருந்து மட்டும் கொடுங்கள். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கையே சாப்பாட்டுக் கணக்காக வைத்திருக்கும் பெண்கள் உண்டு. நல்ல ஏற்பாடு.

வாரக்கூலி வாங்கும் வீட்டுக்கு இந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது. மொத்தமாக 4,500 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்காது. கால் லிட்டர் எண்ணெய், நூறு கிராம் பருப்பு என்று வாங்கும்போது கிலோவுக்கு அவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள், இது எனக்குப் பொறுக்காத அநியாயம். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ரேஷன் முழுவதும். பிறகு வாரம் ஒரு சாமானை மட்டும் மாத அளவுக்கு வாங்குவது. முதல் வாரம் எண்ணெய், அடுத்த வாரம் பருப்பு, அதற்கடுத்த வாரம் உளுந்தும் இட்லி அரிசியும், நாலாவது வாரம் மசாலாச் சாமான். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாமே மாத அளவில் வாங்கும் நிலைக்கு வந்துவிடலாம், யாரிடமும் கடன் வாங்காமல்.

கடைசியாகத் தீபாவளிச் சீட்டு. மாதம் 500 கட்டினால் தீபாவளிக்குப் பலசரக்கு, பட்டாசு, இனிப்பு, பாத்திரம் எல்லாம் தருவதாக ஊருக்கு ஊர் பிடிக்கிறார்கள். பண்டிகைச் செலவை முன்கூட்டியே சேர்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் பணத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு வேண்டும். பதிவு எண் கேட்டால் மழுப்புகிற இடத்தில் கட்டாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். அதே 500 ரூபாயை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால் வருஷம் முடிந்ததும் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் வரும். மைதா, டால்டா என்று அவர்கள் தருவதை வாங்காமல், நம் வீட்டில் யாருக்கு அதிரசம் பிடிக்கும், யாருக்கு முறுக்கு பிடிக்கும் என்று பார்த்துச் சிட்டை எழுதலாம். ஆர்.டி.யைத் தீபாவளிக்கு முந்தின மாதமான புரட்டாசியில் தொடங்குங்கள். அடுத்த வருஷத் தீபாவளிக்குச் சரியாக இருக்கும்.